மலைநடைக்காரரும் புதிய மணிக்கூடும்

கைமணிக்கூடு ஒரு காலத்திலே தந்தையின் கையிலிருந்து மைந்தனின் கைக்குச் செல்லும் பொருளாக இருந்தது. சாவி கொடுத்தால் ஓடும். நின்றுவிட்டால் திருத்துவோனிடம் போய் மீண்டு வரும். இன்று மலையேறுவோரும் நெடுந்தூரம் ஓடுவோரும் மணிக்கட்டிலே கட்டிக்கொள்ளும் நவீன மணிக்கூட்டின் ஆயுள் அத்தகையதன்று. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதற்கு ஒரு தம்பி பிறந்துவிடுகிறான். தம்பி பிறந்த செய்தி கேட்டவுடனே அண்ணனைக் கிழவன் என்று தள்ளிவிடலாமா என்பதுதான் இங்கே ஆராயப்படும் வினா.

கார்மின் நிறுவனத்தின் பீனிக்ஸ் வரிசையை உதாரணமாகக் கொள்ளலாம். அதன் ஏழாவது மணிக்கூடு 2022 ஜனவரியில் வெளிவந்தது. 2023 இலே அதன் திருத்திய வகையும், 2024 ஓகஸ்டில் எட்டாவதும் வந்தன. ஏழாவதன் சாதாரண வகை அமெரிக்காவில் முதலில் ஏறத்தாழ 700 டொலருக்கு விற்கப்பட்டது. எட்டாவதன் நடுத்தர அளவுடையது ஏறத்தாழ 1,000 டொலர். இலங்கையர் ஒருவருக்கு இவ்விரண்டு தொகைகளுக்கும் இடையேயுள்ள தூரம் வெறும் 300 டொலர் அன்று. 2022 தொடக்கத்தில் டொலர் ஒன்று 200 ரூபா அளவில் இருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. 2024 ஓகஸ்டில் 300 ரூபா அளவில் நின்றது. ஆகவே, அன்று ஓர் இலட்சத்து நாற்பதாயிரம் ரூபா மதிப்புடைய பொருளுக்குப் பதிலாக வந்தது மூன்று இலட்சம் ரூபா மதிப்புடையது. வரியும் வியாபாரியின் இலாபமும் இதற்கு மேல். ஒரு குடும்பத்தில் இத்தொகை எத்தனை தேவைகளுக்கு ஈடாகும் என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்வர்.

இவ்வளவு கொடுத்து வாங்குவது யாது? மணிக்கூட்டின் முதற்பணி, அணிந்திருப்பவர் நிற்கும் இடத்தைச் சொல்வது. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திலே சுற்றும் செய்மதிகள் அணுக்கடிகாரங்களைச் சுமந்தவண்ணம் நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டிருக்கின்றன. அந்த அலைகள் வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு மணிக்கூடு தூரத்தைக் கணிக்கிறது. ஒரு வினாடியின் பத்திலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் கணிப்பு 300 மீற்றர் தவறும். 2000 ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசாங்கம் பொதுமக்களுக்குரிய அலையை வேண்டுமென்றே மழுக்கி வைத்திருந்தது. அந்தத் தடை நீங்கியிராவிடில் இன்று எந்த நடைக்காரரும் இத்தகைய மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டிருக்க மாட்டார்.

தடை நீங்கியபின்னும் ஓர் இடையூறு எஞ்சியிருந்தது. செங்குத்தான பாறையிலோ உயர்ந்த கட்டடத்திலோ பட்டுத் தெறித்துவரும் அலை நேரே வரும் அலையைவிடச் சற்றுப் பிந்தி வந்து கணக்கைக் குழப்பும். ஒரே அலைவரிசையைக் கேட்கும் கருவிக்கு இரண்டையும் பிரித்தறிவது கடினம். இரண்டு அலைவரிசைகளைக் கேட்பது மெய்யான அலையை நன்கு இனங்காணும். ஏழாவதன் நீலமணிக் கண்ணாடி பொருத்திய வகைக்கு இந்தச் செவி இருந்தது. சாதாரண வகைக்கு இல்லை. எட்டாவதில் இருக்கிறது. இதனால் ஹோட்டன் சமவெளியின் பதனைப் புல்வெளியிலே நடப்பவருக்குப் பெரும் வேற்றுமை ஒன்றும் தோன்றாது. அங்கே வானம் திறந்துகிடக்கிறது. குறுகிய பள்ளத்தாக்கிலும் அடர்ந்த ஈரமரங்களின் கீழும் நடப்பவருக்கே வேற்றுமை தெரியும்.

ஆயினும் பழைய மணிக்கூடு வழி தவறிக் கோடு வரைகிறது என்று முறையிடுவோரிற் பலர், செய்மதிகளின் அன்றைய நிலைபற்றிய தகவலைக் கையடக்கத் தொலைபேசி வழியாக அதற்கு ஊட்டாமலே புறப்பட்டுவிடுகின்றனர். திறந்த வெளியிலே இரண்டு நிமிடம் நின்று, செய்மதிகளைப் பிடித்துக்கொள்ள அதற்கு அவகாசமும் கொடுப்பதில்லை. ஒவ்வொரு வினாடியும் பதியும்படி அமைத்துவிட்டால் வளைந்த பாதையின் கோடு திருந்திவருவதும் உண்டு. இவற்றுக்குக் காசு செலவில்லை.

உயரங்காட்டும் கருவியின் கதையும் இப்படியே. அது காற்றின் அமுக்கத்தை அளக்கிறது. கடல்மட்டத்துக்கு அருகில் எட்டு மீற்றர் ஏறினால் அமுக்கம் ஏறத்தாழ ஒரு மில்லிபார் குறையும். மணிக்கூட்டின் பக்கத்திலுள்ள நுண்துளைகளை வியர்வை உப்பும் வெயிற்பூச்சும் அடைத்துக்கொண்டால் அளவு பிசகும். நன்னீரிலே கழுவிவிட்டால் பெரும்பாலும் சீராகும். இன்னொன்றும் உண்டு. இலங்கை போன்ற வெப்பவலய நாடுகளில் அமுக்கம் நாளுக்கு இருமுறை தானாகவே ஏறி இறங்குகிறது. காலை பத்து மணியளவில் உச்சத்தை அடைந்து மாலை நான்கு மணியளவில் தாழ்வது சில மில்லிபார் ஆகும். மேசைமேல் அசையாது கிடக்கும் மணிக்கூடு இதனாலேயே இருபது முப்பது மீற்றர் மலையேறிவிட்டதாகக் காட்டக்கூடும். இதைப் பழுதென்று எண்ணிப் புதியதை வாங்கினால் அதுவும் அவ்வண்ணமே ஏறும். சிவனொளிபாதமலை உச்சி 2,243 மீற்றர். அங்கே நின்று அளவைத் திருத்திக்கொள்வதே வழி.

திரையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஏழாவதன் திரை சூரிய ஒளியை எதிரொளித்துக் காட்டுவது. வெயில் ஏற ஏறத் தெளிவு மிகும். எட்டாவதிலே தானே ஒளிரும் திரையுடைய வகையும், பழைய மாதிரித் திரையுடன் சூரியவொளியால் மின்னேறும் வகையும் உண்டு. ஒளிரும் திரை கண்ணைக் கவரும். விடியுமுன் படியேறுவோருக்கு வரைபடம் பளிச்செனத் தெரியும். ஆனால் ஒளிக்கு விலை மின்சாரம். நிறுவனத்தின் கணக்கின்படி ஏழாவதன் நடுத்தர அளவு சாதாரண பாவனையில் 18 நாள் தாங்கும். எட்டாவதன் ஒளிரும் வகை 16 நாள், திரை அணையாதிருந்தால் 7 நாள். கடையிலே மின்விளக்கின் கீழ்ப் பார்த்து மயங்குவோர், அப்புத்தலையின் நண்பகல் வெயிலிலே அதைப் பார்த்தபின் தீர்மானிப்பது நன்று.

நாட்கணக்கு யாருக்குத் தேவை? கண்டியின் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைபாதை 300 கிலோமீற்றருக்கு மேற்பட்டதாயினும் 22 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பகுதி ஒரு நாள் நடை. இரவிலே மின்னேற்ற வசதி கிடைக்கும். ஐரோப்பாவில் மொன் பிளாங் மலையைச் சுற்றி ஓடும் புகழ்பெற்ற போட்டியிலோ, ஏறத்தாழ 170 கிலோமீற்றரை 46 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்கவேண்டும். அவ்வோட்டக்காரரின் கவலையை மலைநாட்டு ஞாயிற்றுக்கிழமை நடைக்காரர் தம் தலையிற் சுமக்க வேண்டியதில்லை.

எனினும் மின்கலம் முதுமையடையும் என்பது மெய். சில நூறு முறை மின்னேறி இறங்கிய லிதியம் மின்கலம் தன் கொள்ளளவில் ஒரு பங்கை இழந்துவிடும். அதைச் சோதிப்பது எளிது: முன்பு நடந்த அதே பாதையை அதே அமைப்புகளுடன் நடந்து, எத்தனை வீதம் குறைந்தது என்று ஒப்பிடலாம். வழக்கமான மிக நீண்ட நடையை முடித்த பின்னும் மூன்றிலொரு பங்கு மிஞ்சுமாயின் மாற்றவேண்டிய அவசரம் இல்லை. பாதிவழியிலே அணைந்துபோகுமாயின், அது மூடுபனிக்கிடையே வரைபடத்தை நம்பி நிற்பவரைக் கைவிடும் மணிக்கூடு. உலகமுடிவிலே தரை எண்ணூறு மீற்றருக்கு மேல் செங்குத்தாக இறங்குகிறது. மூடுபனி வரும்போது விளிம்பு தெரியாது. அத்தகைய மணிக்கூட்டை மலைக்குக் கொண்டுபோகாதிருப்பதே மேல்.

இதயத் துடிப்பின் கணக்குச் சரியில்லை என்பதற்காகப் புதியதை நாடுவோர் முதலில் மார்புப்பட்டி ஒன்றை வாங்கிப் பார்க்கட்டும். மணிக்கட்டிலே பச்சை ஒளி பாய்ச்சி அறியும் முறை, ஏற்றத்திலே துடிப்புச் சடுதியாகக் கூடும்போது பிந்திவிடும். மார்புப்பட்டி இதயத்தின் மின்னசைவையே பிடிப்பதால் அது அவ்வாறு பிந்துவதில்லை. விலையும் புதிய மணிக்கூட்டின் விலையில் ஒரு சிறு பங்கே.

பணம் கொடுக்கத் தகுந்த மாற்றம் ஒன்று 2025 செப்டெம்பரில் வந்தது. எட்டாவதன் புரோ வகை, தொலைபேசி எட்டாத இடத்திலிருந்தும் செய்மதி வழியாகச் செய்தியும் ஆபத்து அழைப்பும் அனுப்பவல்லது. தனியே காடு மலைகளிற் செல்வோருக்கு, கால் முறிந்து கிடக்கும் வேளையில் இது உயிர்ப்பிரச்சினை. ஆயின் இதற்குத் தனிச் சந்தா கட்டவேண்டும். தாம் நடக்கும் நாட்டிலே அச்சேவை உண்டா என்பதை முன்பணம் கொடுக்குமுன் விசாரித்தறியவும் வேண்டும். இதே பணியைச் செய்யும் சிறு கைக்கருவியும் தனியே விற்கப்படுகிறது. அதை வாங்கிப் பழைய மணிக்கூட்டையே வைத்துக்கொள்வது பலருக்குச் சிக்கனமான வழியாகும்.

இத்தனையும் எண்ணிப் பார்த்தபின் மாற்றுவதென்று முடிவுசெய்தவர், பழையதை விற்கவோ மருமகனுக்குக் கொடுக்கவோ விரும்பலாம். அப்போது அதிலுள்ள பதிவுகள் முழுவதையும் அழித்துக் கொடுப்பது அவசியம். அம்மணிக்கூடு வரைந்த நூற்றுக்கணக்கான கோடுகளும் ஒரே வாசற்படியிலிருந்து புறப்பட்டு, அதே வாசற்படிக்கே திரும்பி வந்திருக்கும்.