அம்மான் பச்சரிசி
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வரப்பிலும் களத்து ஓரத்திலும் நாம் நாள்தோறும் மிதித்து நடக்கும் ஒரு சிறு செடியைக் குறித்தே இன்று பேச விரும்புகிறேன். பெரும்பாலும் ஒரு சாண், மிஞ்சினால் ஒரு முழம் வளரும். சிவந்த தண்டில் ரோமமும், எதிரெதிரான இலைகளும், கணுதோறும் நொய்யை ஒட்டிவைத்தாற்போன்ற பூங்கொத்தும் உடையது. கிள்ளினால் பால் வடியும். அதுவே அம்மான் பச்சரிசி. ஆமணக்கும் கள்ளியும் சேர்ந்த குடும்பத்ததாகிய இதற்கு, ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரியாரான லின்னேயஸ் 1753-ல் யூபோர்பியா ஹிர்ட்டா என்று பெயரிட்டார். இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் உஷ்ணப் பிரதேசம். நமது நிலக்கடலையும் அக்கண்டத்ததே. கடலையை நாம் விரும்பி வரவழைத்தோம். இதுவோ அழையாமலே வந்து கடலைக் கொல்லையிலும் குடியேறிவிட்டது.

கோரையைப்போலக் கிழங்கினின்று மறுபடி முளைப்பதன்று இச்செடி. ஒரு பருவத்தில் தோன்றி மடிவது. விதை ஒன்றே இதன் மூலதனம். காய் ஒன்றுக்கு மூன்று விதைகளே உண்டு. ஆனால் காய்களுக்குக் கணக்கில்லை. முற்றியதும் அவை வெடித்து விதையைச் சிதறும். ஆகவே காய்க்குமுன் பறித்தவனுக்கே லாபம். நிலக்கடலைக்கு விதைத்த 20, 25 நாட்களில் முதற்களையும், 40, 45 நாட்களில் மண் அணைப்புடன் இரண்டாங்களையும் எடுத்துவிட வேண்டும். விழுது இறங்கியபின் மண்ணைக் கிளறலாகாது. அப்போது மிஞ்சிய களை மிஞ்சியதே. சங்கத்தில் பெற்ற பயிர்க்கடனில் களைக்கூலியை உரிய நாளில் செலவிடாது தாமதிப்பவர், அடுத்த ஆண்டுக் களைக்கும் சேர்த்தே கடன்படுகிறார். காய்க்காத செடியை எருக்குழியில் இடலாம். காய்த்ததை இடுதல் கூடாது.

பிள்ளை பெற்ற தாய்மாருக்குப் பால் சுரக்க இதனைக் கீரையாகச் சமைத்துக் கொடுப்பதும், மருவின்மீது இதன் பாலைத் தடவுவதும் கிராமங்களில் உண்டு. அவ்வழக்கங்களைப் பரிகசிக்க நான் வரவில்லை. ஆனால் கண்நோய்க்கென்று இப்பாலையோ வேறு கள்ளிப்பாலையோ சொட்டுவிடும் வழக்கம் எங்கேனும் இருப்பின், அதை அறவே நிறுத்த வேண்டும். கள்ளி இனத்துப் பால் விழியைப் புண்படுத்திப் பார்வையையே கெடுக்கவல்லது. தற்செயலாகப் பட்டுவிட்டால் கண்ணைக் கசக்காமல், சுத்தமான நீரால் குறைந்தது கால்மணி நேரம் விடாது கழுவி, உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். களை பறிக்கும் பெண்டிரும் உடன்வரும் பிள்ளைகளும் கை கழுவிக்கொள்ள, வரப்பில் ஒரு குடம் நல்ல நீர் எப்போதும் வைத்திருப்பது நிலத்துக்காரர் கடமை.