புல்வெளியின் பாட்டு யார் கையில்?

(தொழிலாளர் படிப்பகம் ஒன்றில் ஆற்றிய உரை)



பாட்டைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், கூலிப் பேச்சும் நிலப் பேச்சும் எங்கே போயிற்று என்று சிலர் நினைக்கக்கூடும். எங்கும் போகவில்லை. நிலம், கடன், ரயில் கட்டணம், பாங்கியின் ஜப்தி ஆகியவற்றைத்தான் இன்று பேசப் போகிறோம். வட அமெரிக்கப் புல்வெளியில் ஏர் ஓட்டியவர்கள் தாங்களே பாடியதையும் சொன்னதையும் வைத்துப் பேசுவோம்.

கன்சாஸ், நெப்ராஸ்கா, டகோட்டா, கனடாவின் சஸ்காச்சுவான் என்று பரந்து கிடக்கும் அந்தச் சமவெளிக்குப் பிரெய்ரி என்று பெயர். மரம் அபூர்வம், கண்ணுக்கெட்டிய தூரம் புல். 1862 மே 20-ந் தேதி ஜனாதிபதி லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். குடும்பத் தலைவர்களும் 21 வயது நிரம்பியவர்களும் சொற்பக் கட்டணம் கட்டி 160 ஏக்கரில் குடியேறலாம். ஐந்து வருஷம் அங்கேயே வசித்துப் பயிர் செய்தால் நிலம் சொந்தம். இப்படிப் பட்டா பெற்றவர்கள் சுமார் 16 லட்சம் பேர். நிலம் சுமார் 27 கோடி ஏக்கர். 1872-ல் கனடாவும் இதே மாதிரிச் சட்டம் கொண்டுவந்தது.

உழுபவனுக்கே நிலம் என்று நாம் முழங்குகிறோமே, அங்கே சர்க்காரே அதைச் செய்துவிட்டதா என்று கேட்கத் தோன்றும். பொறுங்கள்.

அந்த நிலம் சும்மா கிடந்த நிலமல்ல. டகோட்டா, ஒமாஹா, பானி முதலிய ஆதிக்குடி மக்கள் வாழ்ந்த மண் அது. சட்டம் வந்த அதே 1862-ல், ஒப்பந்தப்படி வர வேண்டிய பணமும் உணவும் வராமல் பட்டினி கிடந்த டகோட்டா மக்கள் மினசோட்டாவில் கிளர்ந்தெழுந்தார்கள். ராணுவ விசாரணை 303 பேருக்கு மரண தண்டனை விதித்தது. லிங்கன் பெரும்பாலோர் பெயரை நீக்கினார். எஞ்சிய 38 பேரை டிசம்பர் 26-ந் தேதி மன்கேட்டோ என்ற ஊரில் ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். இன்னொரு பக்கம், 1850 முதல் 1871 வரை ரயில்வே கம்பெனிகளுக்கு மத்திய சர்க்கார் அள்ளிக் கொடுத்த நிலம் சுமார் 13 கோடி ஏக்கர். ஏழைக்கு 160 ஏக்கர் என்றால் கம்பெனிக்குக் கோடி ஏக்கர். தானத்திலும் வர்க்கம் உண்டு!

குடியேறியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? மரமில்லாத ஊரில் வீடு கட்ட மரம் ஏது? புல்லை வேரும் மண்ணுமாகப் பாளம் பாளமாக வெட்டி, செங்கல் போல் அடுக்கினார்கள். அதுதான் வீடு. வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே கூரை ஒழுகிக்கொண்டிருக்கும். விறகுக்குப் பதில் காய்ந்த காட்டெருமைச் சாணம். நம் வீட்டு வறட்டிதான். 1874-ல் வெட்டுக்கிளிக் கூட்டம் வானத்தை மறைத்து வந்து பயிரைத் தின்று, கொடியில் காய்ந்த துணியையும் தின்றது.

இந்த வாழ்க்கையிலிருந்துதான் பாட்டு பிறந்தது. ரயில்வே கம்பெனிகள் தங்கள் நிலத்தை விற்க, பாலும் தேனும் ஓடும் பூமி என்று விளம்பரம் அச்சிட்டன. குடியானவன் பாட்டால் பதில் சொன்னான். சர்க்கார் கொடுத்த நிலத்தில் பட்டினி கிடந்து சாகும் ஒண்டிக்கட்டையைப் பற்றி ஒரு பாட்டு. ஊருக்கு ஊர் பெயரை மாற்றிப் பாடினார்கள். 'பியூலா லேண்ட்' என்று 1876-ல் வந்த ஒரு கிறிஸ்தவக் கீர்த்தனை இருக்கிறது. மோட்ச பூமியைப் போற்றுவது. அதன் மெட்டை எடுத்துக்கொண்டு, மழை பெய்யாத டகோட்டா பூமியைப் போற்றிப் பாடினார்கள்! 1930-களின் வறட்சியில் அந்தப் பாட்டு சஸ்காச்சுவானிலும் ஒலித்தது. அழுகைக்கு நடுவே இந்த நையாண்டி எப்படி வந்தது என்று வியக்க வேண்டியதில்லை. பஞ்சம் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

பாட்டு சங்கத்துக்கும் போயிற்று. 1880-களில் கடன் வட்டியும் ரயில் கட்டணமும் கழுத்தை நெரிக்க, விவசாயிகள் கூட்டணிச் சங்கம் கிளம்பியது. அதன் வழியில் வந்த மக்கள் கட்சி 1892 ஜனாதிபதித் தேர்தலில் பத்து லட்சம் வாக்குகளுக்கு மேல் பெற்றது. நெப்ராஸ்காவில் லூனா கெல்லி என்ற பெண்மணி, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே சங்கத்தின் காரியதரிசியாக உழைத்தார், பாட்டுக் கட்டினார், வீட்டிலேயே எழுத்துக் கோத்துப் பத்திரிகை நடத்தினார். முதுமையில் தன் நினைவுகளை எழுத உட்கார்ந்தபோது, மிஞ்சிக் கிடந்த சங்கச் சான்றிதழ்களின் பின்பக்கத்தில்தான் எழுதினார். அது புத்தகமாக வந்தது 1992-ல். அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து. குப்பை என்று யாராவது அந்தக் காகிதக் கட்டை அடுப்பில் போட்டிருந்தால்?

இவற்றைச் சேகரித்தவர்கள் யார்? வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகம் 1928-ல் நாட்டுப் பாடல் காப்பகத்தைத் தொடங்கியது. 1933-ல் ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலன் லோமாக்ஸும் 300 ராத்தலுக்கு மேல் கனமுள்ள பதிவு யந்திரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். 1935-ல், வேலையில்லாத எழுத்தாளர்களுக்குச் சம்பளம் கொடுத்து வேலை தரும் சர்க்கார் திட்டம் வந்தது. அவர்கள் வீடு வீடாகப் போய் முதியவர்களின் வாழ்க்கைக் கதைகளை எழுதினார்கள்; சுமார் 2,900 கதைகள் அந்த நூலகத்தில் இருக்கின்றன. நெப்ராஸ்காவில் விவசாயிகள் சங்கப் பாடல்களைச் சிறு பிரசுரங்களாகவே போட்டார்கள். பொறுக்குமா? 1938-ல் டைஸ் கமிட்டி இந்தத் திட்டத்துக்குச் சிவப்பு முத்திரை குத்தியது. 1939-ல் மத்திய சர்க்கார் அதைக் கைகழுவி மாநிலங்களின் தலையில் கட்டியது. 1943-ல் மூடியே விட்டார்கள்.

புல்லின் ஆழமான வேரையெல்லாம் உழுது பெயர்த்துவிட்டதால், வறட்சி வந்தபோது மண் காற்றோடு பறந்தது. ஓக்லஹாமாவிலிருந்தும் டெக்ஸாஸிலிருந்தும் நிலமிழந்த குடும்பங்கள் பழம் பறிக்கும் கூலிகளாகக் கலிபோர்னியா போய்ச் சேர்ந்தன. 1940, 1941 கோடைகளில் சார்லஸ் டாட், ராபர்ட் சோன்கின் என்ற இருவர் ஆர்வின் முதலிய முகாம்களில் அவர்களைப் பதிவு செய்தார்கள். பாட்டோடு நிற்காமல், முகாம் கமிட்டிக் கூட்டங்களில் நடந்த பேச்சையும் பதிவு செய்தார்கள். இதுவே சரியான முறை என்போம். அதே 1940 மார்ச்சில் ஓக்லஹாமாக் கவிஞர் உட்டி கத்ரி, ஆலன் லோமாக்ஸ் முன்னால் பாட்டும் பேச்சுமாகத் தன் ஊரின் கதையைச் சொன்னார். கம்யூனிஸ்டுப் பத்திரிகையான 'பீப்பிள்ஸ் வேர்ல்டு'க்கு எழுதி வந்தவர் அவர். அந்தப் பதிவு விற்பனைக்கு வந்தது 1964-ல்தான்.

பதிவு செய்துவிட்டால் போதுமா? போதாது, தோழர்களே. மெழுகு உருளையில் ஊசி ஓடும் ஒவ்வொரு தடவையும் பாட்டு கொஞ்சம் தேய்கிறது, பூஞ்சணமும் பிடிக்கிறது. அடுத்து வந்தது அலுமினியத் தட்டின்மேல் பூசிய அரக்குப் பூச்சு. நாளாக ஆக அது சுருங்கி உரிகிறது. யுத்த காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் கண்ணாடியில் பூசினார்கள். கை தவறினால் போயிற்று. ஒலிநாடாவோ ஈரம் குடித்துப் பிசுபிசுக்கிறது. இன்று கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கிறார்கள். அதையும் அவ்வப்போது சோதித்து மறுபடி பிரதி எடுக்க வேண்டும். ஆளும் பணமும் வேண்டும். நூலக மானியத்தை வெட்டுவது பாட்டை வெட்டுவதுதான்.

தட்டு பிழைத்தும் பாட்டு செத்துப்போவது உண்டு. பாடியவர் யார், எந்த ஊர், எவரிடம் கற்றார், எப்போது பாடுவார்கள் என்று எழுதி வைக்காத தட்டு, முகவரி இல்லாத கடிதம். விழா மேடைகளில் நடப்பது அதைவிட மோசம். தாத்தா வீரமாக ஏர் ஓட்டினார் என்ற இடம் வரை ஒலிபரப்புவார்கள். பாங்கி அந்த ஏரை ஜப்தி செய்த இடம் வந்ததும் நிறுத்திவிடுவார்கள். ஆகவே முழுப் பதிவும் இருக்க வேண்டும். கேட்க விரும்பும் எவருக்கும் கிடைக்க வேண்டும்.

ஆதிக்குடி மக்களின் குரலும் அப்படித்தான். 1890-களில் ஆலிஸ் பிளெட்சரும், ஒமாஹா குலத்திலேயே பிறந்த பிரான்சிஸ் லா பிளெஷும் நெப்ராஸ்காவில் ஒமாஹா மக்களின் பாட்டுகளை மெழுகு உருளைகளில் பிடித்தார்கள். அந்த உருளைகள் நெடுங்காலம் அந்த மக்களின் கைக்கு எட்டாமல் இருந்தன. 1979-ல் காங்கிரஸ் நூலகம் இத்தகைய உருளைகளையெல்லாம் நாடாவில் பிரதி எடுத்து, உரிய மக்களிடமே கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை ஆரம்பித்தது. ஒமாஹா மக்களுக்கும் பிரதிகள் போய்ச் சேர்ந்தன. 1985-ல் அவற்றில் ஒரு பகுதி இசைத்தட்டாகவும் வெளிவந்தது.