ஏரி வாரியமும் பொதுப்பணித்துறையும்
(புவனகிரிப் பொழிவின் எழுத்து வடிவம்)



இவ்வூரின் பெயர் 'புவனம்', 'கிரி' என்னும் இரு வடசொற்களால் ஆயது. ஊரருகே ஓடும் ஆறோ வெள்ளாறு என்னும் தன் தமிழ்ப்பெயரை இன்றும் இழந்திலது. வீராணம் ஏரியின் மிகைநீர் சேத்தியாத்தோப்பருகே இவ் ஆற்றிற் கலந்து கடலை அடைகிறது. பொதுப்பணித்துறையின் வரலாற்றை அவ் ஏரிக்கரையிலிருந்து தொடங்குதலே பொருந்தும்.

வீராணம், பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தக சோழன் காலத்தில் எழுந்தது. அவன் சூடிய வீரநாராயணன் என்னும் வடமொழிப் பட்டமே ஏரிக்கும் பெயராயிற்று. உழவர் நாவோ அதனை வீராணம் எனச் சுருக்கித் தன்வயமாக்கிக் கொண்டது. அவன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பெற்றவர் ஏரியைக் காத்தனர். அவ் அவை பார்ப்பனர் அவையே; உழுதவனுக்கு அதில் இடமில்லை. இதனை மறைத்துப் பழம்பெருமை பேசுதல் நேர்மையன்று. ஆயினும், ஏரியின் பொறுப்பு ஊரிலேயே இருந்தது என்பது உண்மை.

ஆங்கிலேயர் ஆட்சியில் அப்பொறுப்பு படைத்துறைக் குழு, வருவாய்க் குழு எனப் பல கைகளுக்கு மாறிற்று. 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டினார். வீராணத்திற்கு வடவாற்றின் வழி நீர் தருவது அவ் அணையே. கல்லணையைக் கட்டியவர் திறத்தைக் கண்டு வியந்தவர் அவர். 'அணைக்கட்டு' என்னும் நம் சொல்லையும் ஆங்கிலர் 'ஆனிகட்' என எடுத்துக்கொண்டனர். வெள்ளையன் நம்மிடம் கடன்பெற்ற சொல்லை, நம்மவர் 'லோயர் ஆனிகட்டு' என்று அவனிடமிருந்தே திரும்பக் கடன் பெற்றதுதான் வெட்கக்கேடு!

1854-இல் டல்லவுசி ஆட்சியில் பொதுப்பணித்துறை தனித்துறையாயிற்று. சென்னைத் துறை 1858-ஐத் தன் பிறப்பாண்டாகக் கொள்கிறது. அதே 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டமும் வந்தது. வழக்கப்படி ஏரிவேலை செய்ய வேண்டியவர் தக்க காரணமின்றித் தவறினால், அவ்வுழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு செலுத்தவேண்டும் என்றது அது. ஊரார் தமக்கெனச் செய்த பணி, அரசுக்கஞ்சிச் செய்யும் பணியாயிற்று. மதகைத் திறக்கும் உரிமை அலுவலரிடம். கரையில் மண் சுமக்கும் கடமை குடிகளிடம்!

பின்னர்த் துறை கிளைத்தது. நெடுஞ்சாலை 1946-இல் பிரிந்தது. 1961-இல் வீட்டு வசதி வாரியம் தோன்றிற்று. உத்திரமேரூர்க் கல்லிலிருந்த 'வாரியம்' மீண்டும் அரசுப் பலகையேறியது மகிழ்ச்சியே. இடையில் 'வசதி' என்னும் வடசொல்லைச் செருகாமல் இருந்திருக்கலாம். 2021-இல் நீர்வளத்துறை தனியாகப் பிரிக்கப்பட்டது.

அதற்கு முன், 2017-இல், உழவரைக் கொண்டே ஏரிகளைச் செப்பனிடும் திட்டம் ஒன்றை அரசு கொணர்ந்தது. நல்ல திட்டமே. பெயரோ 'குடிமராமத்து'. மராமத்து அரபுச்சொல். செப்பம், பராமரிப்பிற்குப் 'பேணுகை' என்றெல்லாம் சொல்லிருக்க, அயற்சொல் ஏன்? சொல்லைவிடப் பெரிய வினாவும் உண்டு. 2004 முதல் வீராணத்து நீர் குழாய்வழிச் சென்னைக்குச் செல்கிறது. தவித்த நகருக்குத் தண்ணீர் தருவதை எவரும் தடுக்கவேண்டா. ஆனால், எவ்வளவு நீர், எப்பொழுது என்று முடிவு செய்யும் அவையில் வீராணத்துப் பாசன உழவர்க்கும் வெள்ளாற்றங்கரை உழவர்க்கும் இருக்கை வேண்டும். மதகு, கலிங்கு, தூம்பு என அவர்கள் வழங்கும் சொற்களிலேயே அவ் அவையின் கணக்கும் எழுதப்பெறல் வேண்டும்.