மரக்கட்டை வைத்த துப்பாக்கி
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகப் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தவனை இன்று மேடைக்கு அழைத்திருக்கிறீர்கள். கவிதையைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் காவல்துறையின் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளுக்கு எண்ணெய் பூசிய கை இது. "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள், போதும்" என்று செயலாளர் சொன்னார். எனவே, பழைய படைத் துப்பாக்கிகளையும் காவல் துப்பாக்கிகளையும் சேகரிப்பது பற்றிச் சில சொல்ல வந்திருக்கிறேன்.

அஞ்ச வேண்டாம், என் வீட்டில் ஒரு துப்பாக்கியும் இல்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் .303 லீ-என்ஃபீல்டைச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் சேகரிப்பாளர் பலர் உண்டு. குழலிலும் போல்டிலும் முனைமூடியிலும் ஒரே எண் பொறித்திருந்தால் அதற்கு மதிப்பு அதிகம். நம் நாட்டில் அந்த அளவுத் தோட்டா படைக்கு உரியது, குடிமக்களுக்குத் தடை. உரிமம் பெற்றவர் கையில் .315 காணப்படுவதன் காரணம் இதுவே. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்தவையாகவோ தொன்மை மதிப்புடையவையாகவோ பழுதுபட்டவையாகவோ இருந்து, செப்பனிட்டாலும் சுடுவதற்குப் பயன்படாத ஆயுதங்களுக்கு விலக்குத் தருகிறது. அவ்விலக்கைக் கொண்டு பாட்டனாரின் துப்பாக்கியைக் கூடத்தில் மாட்டியிருப்போரும் உளர். எனக்கு அவ்வாறான பாட்டனார் வாய்க்கவில்லை. நான் சேர்த்தவை துப்பாக்கிகளின் மேல் இருந்த எழுத்துகள்.

கல்வெட்டுப் படியெடுப்போரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் ஏழை வடிவம் என்னுடையது. மெல்லிய தாளை இரும்பின்மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் பொறிப்பு வெள்ளையாக எழுந்து வரும். கழிவுக்கு ஒதுக்கப்பட்டவற்றில் மட்டும், மேலதிகாரியின் இசைவோடு, இப்படி 217 தாள்கள் எடுத்து வைத்திருக்கிறேன். உடைத்து இரும்பாக்க அனுப்பப்பட்ட அந்தத் துப்பாக்கிகளில் இன்று எஞ்சியிருப்பது இந்தத் தாள்களே.

ஒரு .303இல் எவ்வளவு படிக்கலாம் என்று சொன்னால் வியப்பீர்கள். பட்டைக் கட்டையின் கழுத்தருகே வலப்புறம் ஒரு முடி, அதன்கீழ் ஜி.ஆர்.ஐ. என்று, ஜார்ஜ் மன்னர், பேரரசர் என்பதன் இலத்தீன் சுருக்கம், அதன்கீழ் இச்சாப்பூர் என்று ஆங்கிலத்தில், பிறகு ஆண்டு. இச்சாப்பூர் கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் உள்ளது. முதலில் வெடிமருந்து ஆலையாக இருந்த அவ்விடம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பாக்கி ஆலையானது. விடுதலைக்குப் பின் முடி இருந்த இடத்தில் அசோகரின் சிங்கங்கள் வந்தன. மற்றபடி துப்பாக்கி அதேதான். எடையும் அதே நான்கு கிலோ. கட்டையின் அடியில் ஒரு சிறு கதவைத் திறந்தால் பித்தளை எண்ணெய்க் குப்பியும் புல்த்ரூ கயிறும் இருக்கும். சில கட்டைகளில் எந்தக் காவலரோ ஆணியால் கீறிய தம் பெயரின் முதலெழுத்து, தமிழில், கண்ணில் படும். அரசின் முத்திரையை எடுத்த அதே கவனத்தோடு அதையும் படியெடுத்திருக்கிறேன். கல்வெட்டு அறிஞர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

இனி, இந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கிடங்கில் .303க்கு அருகிலேயே .410 மஸ்கட் என்று ஒன்று இருந்தது. தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். .303இன் குழலுக்குள் தோட்டாவைச் சுழற்றி நேராகச் செலுத்தும் வரிப்பள்ளங்கள் உண்டு; மஸ்கட்டின் குழலோ உள்ளே வழுவழுப்பானது. ஆகவே தொலைவும் குறைவு, குறியும் குறைவு. .303இன் மேகசின் ஐந்தைந்தாக இரு கிளிப்புகளில் பத்துத் தோட்டாக்களை ஏற்கும். மஸ்கட்டிலும் அதே மேகசின்தான். ஆனால் உள்ளே ஒரு மரக்கட்டையை வைத்து அடைத்திருப்பார்கள். ஒரு தோட்டாவைக் கையால் வைத்துச் சுட வேண்டும். பிறகு அடுத்ததை எடுத்து வைக்க வேண்டும். காவல் பணிக்கென்றே இச்சாப்பூரில் இவ்வாறு மாற்றி அமைத்தார்கள்.

1980களில் ஒரு நாள். சார்நிலைக் கருவூலக் காவலுக்குப் புறப்பட்ட இளங்காவலர் ஒருவர் மஸ்கட்டை வாங்கி, போல்டைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏட்டையா, இதுல எதுக்குக் கட்டைய வச்சு அடைச்சிருக்கு?" என்று கேட்டார். எனக்கு வேலை மிகுந்த நேரம். "உனக்கெல்லாம் ஒண்ணு போதும்னுதான்" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "என்னய நம்பித்தானே ஏட்டையா கருவூலத்துல நிறுத்துறாங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்திட்டுப் போய்விட்டார்.

அன்று நான் சொன்ன விடை என்னுடையது அன்று என்பது தெரியச் சில ஆண்டுகள் ஆயின. கிடைத்த நூல்களையெல்லாம் தேடிப் படித்தேன். 1857இல் கொழுப்புத் தடவிய என்ஃபீல்டு தோட்டாவால் மூண்ட கலகம் உங்களுக்குத் தெரியும். அதன்பின் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இந்தியச் சிப்பாய்களுக்கென வரிப்பள்ளம் இல்லாத என்ஃபீல்டு செய்து கொடுத்தார்கள். வெளித்தோற்றத்தில் வெள்ளைச் சிப்பாயின் துப்பாக்கிக்கும் அதற்கும் வேறுபாடு காண்பது கடினம். குழலுக்குள் எட்டிப் பார்த்தால்தான் தெரியும். பிறகு வெள்ளைப் படைக்கு மார்ட்டினி-ஹென்றி வந்தபோது நம்மவர் கையில் அதற்கு முந்திய ஸ்னைடர் இருந்தது. எப்போதும் ஒரு தலைமுறை பின்தங்கிய ஆயுதம். 1878இல் லிட்டன் பிரபு காலத்தில் இந்தியர் உரிமமின்றி ஆயுதம் வைத்திருக்கலாகாது என்று படைக்கலச் சட்டம் வந்தது. ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு. அதே ஆண்டில்தான் இந்திய மொழி இதழ்களை ஒடுக்கும் சட்டமும் வந்தது என்பதை எழுதுவோர் நிறைந்த இந்த அவையில் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இதழ்ச் சட்டம் ரிப்பன் காலத்தில் நீங்கிற்று. மற்றது 1959ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை நின்றது.

நாங்கள் ஆயுதக் கிடங்கை 'பெல் ஆஃப் ஆர்ம்ஸ்' என்போம். மணி ஒன்றும் அங்கே இல்லையே என்று நான் நெடுநாள் எண்ணியதுண்டு. கும்பினிக் காலத்தில் சிப்பாய்களின் குடியிருப்புக்கு முன்னே மணி வடிவில் சிறு கட்டடங்கள் கட்டி, துப்பாக்கிகளை அவற்றில் வைத்துப் பூட்டுவார்களாம். கட்டடம் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

இந்த ஐயம் இந்தியர்மேல் மட்டும் இருந்ததென்று எண்ணிவிடக் கூடாது. பழைய .303இன் மேகசின்மேல் 'கட்-ஆஃப்' என்றொரு தகடு உண்டு. அதைத் தள்ளினால் மேகசின் மூடிக்கொள்ளும். ஒவ்வொன்றாகத்தான் சுட முடியும். சிப்பாய் தோட்டாவை வீணாக்குவான் என்று லண்டனில் இருந்தவர்கள் தம் ஊர்ப் பிள்ளைகளையே நம்பவில்லை. முதல் உலகப்போரில் துப்பாக்கிகளை விரைவாகச் செய்து குவிக்க வேண்டிய நெருக்கடி வந்தபோது, இது வேண்டாத வேலை என்று தகட்டை எடுத்துவிட்டார்கள்.

எல்லாவற்றிலும் விந்தையானது எகிப்துக் காவலர்களுக்காக பர்மிங்ஹாம் கிரீனர் நிறுவனம் செய்த துப்பாக்கி. அது களவு போனாலும் பிறர்க்குப் பயன்படக் கூடாது என்று வேறெங்கும் கிடைக்காத வடிவில் தோட்டா செய்தார்கள். ஊர்மக்கள் சாதாரணத் தோட்டாவின்மேல் காகிதத்தைச் சுற்றி அதிலேயே சுட்டார்கள். உடனே முனை மூன்றாகப் பிரிந்த தாக்கூசியும் அதற்கேற்பப் பள்ளம் வைத்த தோட்டாவும் செய்தார்கள். அறிவு எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்று பாருங்கள். அந்தத் துப்பாக்கியை நான் நேரில் கண்டதில்லை, படத்தில்தான் பார்த்தேன்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கூட்டத்தின் எதிரே நிற்கும் காவலர் கையில் பத்துத் தோட்டா இருப்பதைவிட ஒன்று இருப்பதே நலம் என்பார் உண்டு. துப்பாக்கிச் சூட்டில் உறவை இழந்தவரைக் கேட்டால் அவரும் அதையே சொல்வார். இரண்டாவது தோட்டாவை எடுத்து வைக்கும் அந்த நான்கைந்து நொடிகளில் ஓடிப் பிழைத்தவர்கள் இருப்பார்கள். காவலரை நம்பாமல் வைத்த கட்டை மக்களைக் காத்திருந்தால் அதை வெறுப்பதா, வாழ்த்துவதா? இருபது ஆண்டுகளாக எனக்குள் இந்த வழக்கு நடக்கிறது, தீர்ப்பு வரவில்லை. ஆனால் கருவூலத்தில் இரவெல்லாம் தனியே நின்ற அந்த இளைஞருக்கு எதிரே கூட்டம் இல்லை. அவருக்கு நான் சொன்ன விடை தவறுதான்.

2020ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்பில் உத்தரப் பிரதேசக் காவல்துறை .303ஐ ஏந்தி அதற்கு விடைகொடுத்தது. செய்தியைப் படித்த அன்று தாள்களை எடுத்துத் தரையில் பரப்பினேன். பென்சில் கரி பல இடங்களில் மங்கத் தொடங்கிவிட்டது. என் பெயர்த்தி அவற்றைப் படமெடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அந்தக் காவலர் பிறகு மாற்றலாகி வேறு மாவட்டம் போனார். பணி ஓய்வு பெறுமுன் ஒருமுறை விசாரித்தேன். அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

கழிவுக் குவியலில் கிடந்த மரக்கட்டைகளுள் ஒன்றை அப்போதைய அதிகாரியிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இரும்புக்கு எடை போட்டவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. இதோ, இதுதான், உள்ளங்கையில் அடங்கும். எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கிறது. இதன்மேல் எந்த எழுத்தும் இல்லை. முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவராகக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள். கூட்டம் முடியுமுன் என்னிடம் திரும்பி வந்துவிட வேண்டும்.