விதையோடு போகும் காவல்



தை மாதம். காவிரி டெல்டாவில் நெல் இன்னும் வயலில் நிற்கிறது. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, மெழுகுப் பதத்தில் இருக்கும் ஈரமண்ணில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். உழவு கிடையாது, பாசனமும் பெரும்பாலும் கிடையாது. மிச்ச ஈரத்தையும் பனியையும் நம்பி வளரும் அந்தப் பயிர்தான் நெல் தரிசு உளுந்து.

மாசி, பங்குனி வெயிலில் அதற்கு ஒரு சோதனை வரும். பச்சையாக நின்ற செடி மஞ்சளித்துத் தொங்கும். திட்டுத் திட்டாகக் காயும். பிடித்து இழுத்தால் சுலபமாகக் கையோடு வரும்; அடித்தண்டின் பட்டை நார்நாராக உரியும். இதுதான் வேரழுகல். மேக்ரோபோமினா என்ற பூஞ்சையின் வேலை. கடுகைவிட மிகச் சிறிய கருப்பு முடிச்சுகளாக அது மண்ணிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மண் சூடேறி ஈரம் வற்றும்போது வேரைப் பிடிக்கும். வாடிய செடியை மீட்பது கடினம்.

ஆகவே காவல் விதையோடு போக வேண்டும். அந்தக் காவலாளிதான் சூடோமோனாஸ் புளூரசன்ஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியா. பூஞ்சை வளர இரும்புச்சத்து வேண்டும். இந்தப் பாக்டீரியா ஒரு நிறமியைச் சுரந்து, வேரருகே உள்ள இரும்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். புற ஊதா ஒளியில் பசுமஞ்சளாக ஒளிர்வதும் அதே நிறமிதான். பூஞ்சையை ஒடுக்கும் பொருள்களையும் இந்தப் பாக்டீரியா சுரக்கும். செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தட்டி எழுப்பும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இந்தப் பாக்டீரியாவை டால்க் பவுடரில் கலந்து, கொண்டைக்கடலையின் வாடல் நோய்க்கு எதிராகச் சோதித்த ஆய்வு 1995இல் வெளியானது. இன்று உளுந்து, பாசிப்பயறு, துவரைக்கும் இதைப் பரிந்துரைக்கிறார்கள்.

செய்முறை எளிது. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் பவுடர். விதையை லேசாக ஈரமாக்கிப் புரட்டி, நிழலில் உலர்த்துங்கள். பிறகு ஆறிய கஞ்சியில் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தைக் கலந்து நேர்த்தி செய்து விதைக்கலாம். உழுது விதைக்கும் நிலமானால், ஏக்கருக்கு ஒரு கிலோ பவுடரை 20 கிலோ மட்கிய தொழுஉரத்தில் கலந்து மண்ணிலும் இடலாம்.

இது உயிருள்ள பொருள். பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பாருங்கள். வெயிலில் வைக்காதீர்கள். ரசாயனப் பூஞ்சைக்கொல்லியோடு கலக்காதீர்கள். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: மஞ்சள் தேமலுக்கு இது மருந்தல்ல. அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். அதற்கு நோய் தாங்கும் ரகமே முதல் துணை.

நெல் தரிசு உளுந்தில் விதைத்த பிறகு மண்ணைக் கிளறி மருந்திட வழியில்லை. வேருக்கு நாம் துணை அனுப்ப முடிவது, விதை நம் கையில் இருக்கும் அந்த ஒரு நாளில்தான். பத்துக் கிலோ விதைக்கு நூறு கிராம் பவுடர் போதும். அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.