சமரசம் பேச இளைஞர்கள் வரட்டும்

(நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இளைஞர்கள் சண்டை போடாமல் இருந்தால் போதாதா, அவர்கள் வேறு தீர்த்து வைக்க வேண்டுமா என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2015 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 2250ஆம் தீர்மானம், 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்குச் சமாதான முயற்சிகளில் இடம் தர வேண்டும் என்கிறது. அது பெரிய இடத்து விஷயம். எனக்கு ருசிப்பது ஒரு பழைய கேஸ்.

1893இல் ஒரு வழக்குக்கு உதவத் தென்னாப்பிரிக்கா போனபோது காந்திஜிக்கு வயது 23. அதற்கு முன் பம்பாய் கோர்ட்டில் வாய் எழாமல் கேஸையே திருப்பிக் கொடுத்தவர். பிரிட்டோரியாவில் நடந்த இந்த வழக்கு 40,000 பவுண்டு சம்பந்தப்பட்டது. வாதி தாதா அப்துல்லா, பிரதிவாதி தையப் சேட். இருவரும் உறவினர்கள், ஒரே ஊர்க்காரர்கள். வழக்கு முழுக்கக் கணக்கு. காந்திஜிக்கோ கணக்கு தெரியாது. புக் கீப்பிங் புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்தார். தணிக்கைத் துறையில் 34 வருஷம் குப்பை கொட்டிய எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்! வழக்கை அடிமுதல் நுனிவரை தெரிந்துகொண்ட பிறகுதான் தையப் சேட்டிடம் போய், மத்தியஸ்தரிடம் விடலாம் என்று பேசினார்.

தாதா அப்துல்லா ஜெயித்தார். 37,000 பவுண்டும் செலவுத் தொகையும் வர வேண்டும். மொத்தமாகக் கேட்டால் தையப் சேட் திவால். காந்திஜி தம் கட்சிக்காரரிடமே மன்றாடி, நீண்ட காலத் தவணைக்குச் சம்மதிக்க வைத்தார். அவருக்கு அதிகச் சிரமம் கொடுத்தது இந்தத் தவணைதான். தோற்றவர் மறுநாள் எப்படிக் கடையைத் திறப்பார் என்று யோசிக்க 24 வயதில் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இங்கே நாக்பூரில் எங்கள் குடியிருப்பில் போன கோடையில் தண்ணீர்த் தகராறு. கீழ்வீட்டுக்காரர் திருடுகிறார் என்று மூன்றாம் மாடிக்காரர் போலீஸில் எழுதியே கொடுத்துவிட்டார். பெரியவர்கள் மூன்று மீட்டிங் போட்டோம். பிஸ்கட் தீர்ந்தது, சண்டை தீரவில்லை. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணும் ஒரு பையனும் பத்து நாள் காலையும் மாலையும் மேல் தொட்டியில் குச்சி விட்டு அளவெடுத்தார்கள். தொட்டி கால்வாசிக்கு இறங்கியதும் மூன்றாம் மாடிக் குழாயில் வேகம் போய்விடுகிறது, கீழே நன்றாக வருகிறது. திருட்டுமில்லை, பொய்யுமில்லை. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவனுக்கு அந்த அளவுப் பட்டியலே ஆனந்தம். மோட்டார் போடும் நேரத்தை மாற்றினார்கள். புகார் கொடுத்தவர் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடித்தபோது அந்தப் பெண் சொன்னாள்: "மாமா நாளைக்கும் இதே படியிலதானே ஏறி இறங்கணும்?" புகார் வாபஸ் ஆயிற்று.

அடிதடி, மிரட்டல் என்றால் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்; அது போலீஸ் வேலை. ஆனால் ஒரு வட்டாரத்தின் அமைதியைக் கெடுக்கும் தகராறுகளை, இரு தரப்பும் சம்மதித்தால், மூவர் குழு பேசித் தீர்க்க 2023ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டம் இடம் தருகிறது. அந்த உடன்பாட்டை கோர்ட் டிக்ரி போல நிறைவேற்ற முடியாது. இரு தரப்பும் மனமொப்பினால்தான் நிற்கும்.

நம் ஹால் வாடகைத் தகராறு இரண்டு வருஷமாகப் புகைந்து, இப்போது வக்கீல் நோட்டீஸ் வரை வந்திருக்கிறது. அந்த ஃபைலை, ரசீதுகள் உட்பட, இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் மூன்று இளைஞர்களிடம் ஒரு மாதம் கொடுங்கள். நாம் பக்கத்தில் உட்கார்ந்து கனைக்க வேண்டாம். ஃபைல் செயலாளரிடம்தான் இருக்கிறது. யார் அந்த மூவர் என்பதை அடுத்த கமிட்டியில் முடிவு செய்யக் கோருகிறேன்.