படிவம் 26-ஐ யார் படிக்கிறாங்க?

2021 சட்டமன்றத் தேர்தல் நேரம். எங்க வீடு பட்டாபிராம், ஆவடி தொகுதி. அம்மா வந்து, "நிக்கிறவங்கள்ல யாருடா யோக்கியன்? லேப்டாப்ல பாத்து சொல்லு"ன்னாங்க.

யோக்கியன்னு தேடிப் பாக்க வழி இல்ல. ஆனா தேர்தல் ஆணையத்தோட இணையதளத்துல எல்லா வேட்பாளரோட பிரமாணப் பத்திரமும் இருக்கும். படிவம் 26. வழக்கு, சொத்து, கடன், படிப்பு, அஞ்சு வருஷ வருமான வரிக் கணக்கு எல்லாம் அதுல வரணும். இது சும்மா வந்துடல. வேட்பாளரைப் பத்தித் தெரிஞ்சுக்கிறது வாக்காளரோட உரிமைன்னு 2002-ல உச்ச நீதிமன்றம் சொன்னப்போ, அவ்வளவெல்லாம் சொல்ல வேண்டாம்னு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்துச்சு. (அந்த விஷயத்துல மட்டும் என்ன ஒரு ஒத்துமை!) 2003-ல நீதிமன்றம் அந்தத் திருத்தத்தையும் ரத்து பண்ணுச்சு.

நம்ம பாஷையில சொன்னா, இந்த ஃபார்ம்ல நல் செக் இருக்கு, வேல்யூ செக் இல்ல. ஒரு கட்டத்தைக் காலியா விட்டுட்டு, சொல்லியும் நிரப்பலன்னா மனுவை நிராகரிக்கலாம். 2013 தீர்ப்பு அது. ஆனா நிரப்பினது பொய்யான்னு தேர்தல் நடத்துற அதிகாரி விசாரிக்கிறதில்ல. பொய்ன்னு நிரூபணமானா ஆறு மாசம் வரை சிறை, இல்ல அபராதம். யார் நிரூபிக்கிறது?

தேனியை எடுத்துக்கோங்க. 2019 மக்களவைத் தேர்தல்ல தமிழ்நாட்டுல அதிமுக கூட்டணி ஜெயிச்ச ஒரே தொகுதி. ஜெயிச்சவர் ஓ.பி.ரவீந்திரநாத். சொத்து விவரத்தை மறைச்சுட்டார்னு வழக்குப் போட்டது அந்தத் தொகுதியோட ஒரு வாக்காளர். 2023 ஜூலையில சென்னை உயர் நீதிமன்றம் வெற்றி செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னுச்சு. அடுத்த மாசமே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வச்சுது. அவர் பதவிக்காலம் முழுக்க எம்.பி.யா இருந்தார். அஞ்சு வருஷப் பதவி, முதல் தீர்ப்பு வரவே நாலு வருஷம். பிழை கண்டுபிடிச்சு டிக்கெட் போட்டாச்சு, அதுக்குள்ள அந்த வெர்ஷனே முடிஞ்சுபோச்சு.

சரி, எங்க வீட்டுக்கு வரேன். பாதிப் பக்கம் பக்கவாட்டுல ஸ்கேன் ஆன ஒரு பிடிஎஃப். பேர் வேண்டாம். நான் வழக்குப் பட்டியலையே உருட்டிட்டு இருந்தேன். அம்மா கண்ணாடியை மாட்டிட்டு நிலம்ங்கிற இடத்துல நிறுத்தினாங்க. அந்தப் பத்திரத்துல இன்னைக்கு மார்க்கெட் விலை எவ்வளவுன்னும் எழுதணும். அம்மா சிரிச்சுட்டாங்க. "இந்த விலைக்கு அங்க கிரவுண்டா? எனக்கு ரெண்டு வாங்கிக் குடுக்கச் சொல்லு!"

எந்த சாஃப்ட்வேரும் பிடிக்காததை அம்மா பத்து செகண்ட்ல பிடிச்சாங்க. ஏன்னா தெருவுல எந்த மனை என்ன விலைக்குப் போச்சுன்னு அவங்களுக்கு மனப்பாடம். ஊர்க்காரங்க படிச்சாதான் அந்த எண்ணுக்கு அர்த்தமே வருது. தப்புன்னு ஆதாரம் இருந்தா எதிர்ப் பிரமாணப் பத்திரம் யார் வேணாலும் தாக்கல் பண்ணலாம், அதையும் இணையதளத்துல போடுவாங்க. அன்னைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. உற்சாகத்துல, "புகார் குடுக்கலாம்மா"ன்னேன்.

ஹால்ல பேப்பர் படிச்சிட்டு இருந்த அப்பா நிமிர்ந்தார். "நம்ம வீட்டை வாங்கினப்போ பத்திரத்துல எவ்வளவு போட்டோம்னு உங்கம்மாவைக் கேளு."

வழிகாட்டி மதிப்பு மட்டும்தான். மீதி, பையில போச்சு. அம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு அடுப்பைப் பாக்கப் போயிட்டாங்க. நான் லேப்டாப்பை மூடினேன். புகார் குடுக்கல. போன வாரம் இந்த எபிசோட் பத்திச் சொன்னப்போ அப்பா, "அதை மட்டும் சொல்லிடாதே"ன்னார்.

சாரிப்பா.